ஆறு நொடிக்கு ஒரு பீஸ்

டீ டம்ளரைக் கீழே வைக்கலாம் என்று அழகர்சாமி நினைப்பதற்குள் அது கீழே இருந்தது. அவன் வைக்கவில்லை. கை வைத்திருந்தது. இடது பக்கம், முழங்காலிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். உள்ளே பாதி டீ இன்னும் ஆவி பறக்க நின்றது.

கண்ணாடி முன்னால் நின்று கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள்.

“என்ன மாமா, டீ நல்லால்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“பெறகு ஏன் பாதியில வச்சிட்டீங்க?”

“சூடா இருக்கு.”

“நேத்து ஆறிப்போச்சுன்னு மூஞ்சியத் தூக்குனீங்க. இன்னைக்குச் சூடா இருக்கு. ஒங்களுக்கு டீ போட ஒரு இன்ஜினியரத்தான் வைக்கணும்.”

அவன் சிரித்தான். சிரிப்பது அவனால் முடிந்தது. வலது கையை இடது கக்கத்தில் செருகி, இடது கையை மேலே போட்டு அழுத்திக்கொண்டான். குளிருக்கு ஒடுங்கியவன்போல் இருந்தது. ஓசூரில் காலை நேரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பாயில் பாப்பா குப்புறப் படுத்துத் தூங்கியது. பத்து மாதம். மூச்சு விடும்போது முதுகில் சட்டைப் பொத்தான் ஏறி இறங்கியது.

“பத்து மணிக்குப் பாலு. பிளாஸ்க்குல வெந்நி இருக்கு. மாவு நாலு ஸ்பூனு. அன்னைக்கு மாதிரி அஞ்சு போட்டு வயித்தக் கட்டி வச்சிராதீங்க. நாலு மணிக்கு வந்துருவேன்.”

“ரஞ்சி.”

“ம்?”

சொல்லிவிடலாம். இதுதான் நேரம். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது. அவள் போகிற செல்போன் பாகங்கள் கம்பெனியில் ஆறு மாதம் முடியும் வரை ஒரு நாள் சொல்லாமல் நின்றாலும் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். இன்னும் பதினொரு நாள் இருந்தது.

“ஒண்ணுமில்ல. பாத்துப் போ.”

கதவு மூடியது. வெளியே கொண்டி விழுந்தது. பூட்டு சொடுக்கியது. சரியாக விழுந்ததா என்று அவள் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் ஓடிப் போயிற்று.

அந்த வரிசையில் அது வழக்கம். பதினான்கு அறைகள், பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். இரவு ஷிஃப்ட் முடித்துப் படுப்பவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். பூட்டு தொங்கினால் கேபிள்காரன் தட்டமாட்டான், கீரைக்காரி குரல் கொடுக்கமாட்டாள், பிள்ளைகள்கூடத் தள்ளிப் போய் விளையாடும். உள்ளே ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் கடந்து போவார்கள். அதுதான் அங்கே மரியாதை. ரஞ்சிதாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன மாதம் அவன் செத்தவன்போல் தூங்கிக்கொண்டிருந்தபோது பாப்பா தவழ்ந்து வாசலைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடம் வரைக்கும் போய்விட்டது. உள்தாழ்ப்பாள் துருப்பிடித்துப் பல நாள் ஆயிற்று. அன்றிலிருந்து பூட்டு. ஒரே சாவி. அது அவள் பையில், பை லாக்கரில், லாக்கர் எட்டு கிலோமீட்டர் தள்ளி.

அவனும் பாப்பாவும் உள்ளே. அவன் கைகளும் உள்ளே.

*

அவன் வேலை இரும்புத் தகட்டை அழுத்தி வடிக்கும் பிரஸ் மெஷினில். வலது பக்கக் கூடையிலிருந்து ஒரு தகடு எடு, அச்சின் மேல் வை, இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு பச்சைப் பட்டன்களை ஒரே நேரத்தில் அடி. மேல் அச்சு இறங்கி ஏறும். இடது கையால் எடுத்து இடது கூடையில் போடு. ஆறு நொடிக்கு ஒரு பீஸ். இரண்டு பட்டன் வைத்திருப்பதே கையைக் காப்பாற்றத்தான். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது. நல்ல ஏற்பாடு. நாலு வருடத்தில் அவனுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. மேல் அச்சு ஏறி முடிக்கும் இரண்டு நொடி கைக்கு வேலை கிடையாது. மூக்கைச் சொறிவது, வியர்வையைத் துடைப்பது எல்லாம் அந்த இரண்டு நொடிக்குள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு விடியலில் மின்சாரம் போய் மொத்த வரிசையும் நின்றது. எல்லோரும் கையைத் தொங்கவிட்டார்கள். அவன் கைகள் தொங்கவில்லை. இருட்டில் இல்லாத தகட்டை எடுத்தன, வைத்தன, அடித்தன. பக்கத்து மெஷின் ஜெகதீஷ் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துச் சிரித்தான்.

“மாப்ள, கரண்டே இல்ல. யாருக்குடா அடிக்கிற?”

அழகர்சாமியும் சிரித்தான். கைகள் இன்னும் நான்கு பீஸ் அடித்துவிட்டுத்தான் நின்றன.

போன சனிக்கிழமை தூங்காமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனான். நரம்பு டெஸ்ட் எடுக்கிற பெண் சுசித்ரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். கையில் ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, ஒயர்களை மாட்டினாள்.

“கைய லூசா விடுங்கண்ணா. நான் ஒண்ணும் வளையல் கழட்டப் போறதில்ல.”

முழங்கையின் உள்பக்கம் ஒரு முனையை வைத்து அழுத்தினாள். சுரீரென்றது. சுண்டுவிரல் துள்ளியது.

“நான் அசைக்கல,” என்றான்.

“தெரியும். நான்தான் அசைச்சேன்.” திரையில் ஒரு கோடு எழும்பி விழுந்தது. “மூளையில இருந்து முதுகுத்தண்டு வழியா நரம்புல இப்படித்தான் கரண்ட் மாதிரி வரும். நரம்பு வந்து தசையத் தொடாதுண்ணா. நடுவுல கண்ணுக்கே தெரியாத ஒரு சந்து இருக்கு. அந்தச் சந்துல நரம்பு துளியூண்டு ரசாயனத்த விடும். அது பட்டா தசை சுருங்கும். இழுக்கும். தசைக்குத் தள்ளவே தெரியாது, இழுக்க மட்டும்தான். ஒண்ணு இழுத்தா எதிர்ல இருக்கிறது விட்டுக்குடுக்கும். கை மடங்குறது, நீட்டுறது எல்லாம் அவ்வளவுதான்.”

“ஒங்க மெஷின் சொன்னாலும் கேக்குமா?”

“யார் சொன்னாலும் கேக்கும். யாரு சொல்றாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. நரம்பின் வேகம் சரி, தசையின் பலம் சரி. டாக்டர் நன்றாகத் தூங்கச் சொன்னார். ரஞ்சிதாவிடம் அவன் சத்துக் குறைவு என்று சொன்னான். அவள் பேரீச்சம்பழம் வாங்கி வைத்தாள்.

*

பகல் தூக்கத்துக்காக ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வெயில் அதன் வழியே பழுப்பாக இறங்கி, அறையைப் பழைய எண்ணெய் நிறத்தில் வைத்திருந்தது. மேலே சிமென்ட் ஷீட் சூடேறி அவ்வப்போது டிக் என்று விரிந்தது. எங்கோ போர் மோட்டார் ஓடி நின்றது. யார் வீட்டிலோ தக்காளி வதங்கியது. அவன் சட்டையைக் கழற்றியிருந்தும் உடம்பிலிருந்து பிரஸ் எண்ணெய் வாடை போகவில்லை. அந்த வாடைக்கு நடுவே பாப்பாவின் பவுடரும் பாலும் சேர்ந்த மணம் மெல்ல வந்துகொண்டிருக்க, பாயின் ஓரத்தில் அதற்கு முதுகைக் காட்டி, கைகளைத் தொடைகளுக்கு நடுவில் நெரித்துக்கொண்டு படுத்தான். தூங்கக் கூடாது என்றுதான் படுத்தான். இரவு முழுக்க நின்ற கால்கள் அதைக் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு விழித்தான்.

டப்.

நீண்ட இடைவெளி. பாப்பா கிளுகிளுவென்று சிரித்தது.

டப்.

அவன் உட்கார்ந்திருந்தான். படுத்தவன் எப்போது எழுந்து உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. சம்மணம் போட்டு, நேராக, கடிகாரத்தைப் பார்த்தபடி. பத்து ஐம்பது. வலது கை அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் போய் ஒரு சீப்பை எடுத்தது. அவன் முன்னால் தரையில் வைத்தது. இரண்டு கைகளும் மார்பு உயரத்துக்கு எழுந்தன. டப். சீப்பின் பற்கள் தெறித்தன. இடது கை அதை எடுத்து இடது பக்கம் போட்டது.

இடது பக்கம் பார்த்தான். தீப்பெட்டி. குங்குமச் சிமிழ். பவுடர் டப்பா. பேரீச்சம்பழம், ஒவ்வொன்றாக, தட்டையாக. பால் புட்டியின் மூடி. ரஞ்சிதாவின் ஒரு கம்மல். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாயாமல், கூடையில் அடுக்குவதுபோல் வரிசையாக இருந்தன. நூறுக்குக் குறையாது. அவன் தூங்கியபடியே ஷிஃப்ட் ஓட்டியிருந்தான்.

பாப்பா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

“பாப்பா, அங்கிட்டுப் போ,” என்றான். குரல் அவனுடையதாகவே வந்தது. “போடா கண்ணு. அங்கிட்டு.”

பாப்பா சிரித்தது.

நிறுத்தச் சொன்னான். வாயால் சொன்னான். உள்ளுக்குள் சொன்னான். தோள் வரை அவன் சொல் போனது. தோளுக்குக் கீழே வேறு யாரோ இருந்தார்கள். முன்கையில் தசை திரள்வதும் தளர்வதும் தோலுக்கு அடியில் தெரிந்தது, அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு தெளிவாக. நாலு வருடத்தில் அவன் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

ஆனால் அடித்த பிறகு அந்த இரண்டு நொடி இருந்தது. மேல் அச்சு ஏறும் நேரம். அப்போது மட்டும் கைகள் சும்மா இருந்தன. அந்த இரண்டு நொடி அவனுடையது.

டப். செல்போனைப் பிடித்தான். கை போயிற்று, போன் கீழே விழுந்தது. டப். எடுத்தான், திரையைத் திறந்தான். கை போயிற்று. டப். ரஞ்சிதா பெயரைத் தொட்டான். மணி அடித்தது. எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு இரும்புப் பெட்டிக்குள், சாவிக்குப் பக்கத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது. டப். ஜெகதீஷின் பெயரைத் தேடினான். வலது கை போனை எடுத்து முன்னால் வைத்தது. டப். கண்ணாடி நொறுங்கியது. இடது கை அதைக் கம்மலுக்குப் பக்கத்தில் வைத்தது.

அப்போது அந்தப் பெண்ணின் முனை ஞாபகம் வந்தது. முழங்கையின் உள்பக்கம், எலும்பை ஒட்டி. நரம்பு அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. இடித்தால் சுண்டுவிரல் வரை மின்னும் இடம். தண்ணீர்க் குழாயை மிதிப்பதுபோல் அதை நசுக்கிவிட்டால் சொல் கீழே போகாது.

நகர்ந்து போய், சுவரோரம் சாமான் போட்டுவைத்த இரும்புக் கட்டிலின் சட்டத்தில் இரண்டு முழங்கைகளையும் வைத்து, தன் எடை முழுவதையும் போட்டான். கைகள் அவனுக்கு முன்னால் காற்றில் வேலை செய்தன. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். எறும்பு ஊர்ந்தது. சுண்டுவிரல் செத்தது. மோதிரவிரல் செத்தது. இருபது நிமிடத்தில் முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. பஞ்சு. வெறும் பஞ்சு.

கைகள் நிற்கவில்லை.

தவறு அப்போதுதான் புரிந்தது. கீழே போகிற சொல்லை அவனால் வெட்ட முடியவில்லை. மேலே வருகிறதைத்தான் வெட்டியிருந்தான். இனி அந்தக் கைகள் எதைத் தொடுகின்றன, எதைப் பிடித்திருக்கின்றன, அது சூடா, மெத்தென்று இருக்கிறதா, துடிக்கிறதா என்று பார்க்காமல் அவனுக்குத் தெரியாது.

*

சமையல் மேடை அறையின் மூலையில் இருந்தது. கறுப்புக் கடப்பாக் கல், இடுப்பு உயரம். ஸ்டவ் இடது ஓரம், நடுவில் காலி. வலது பக்கம் வெறும் சுவர். அங்கே போய் நின்றால் எடுக்க ஒன்றும் இருக்காது. அவன் எழுந்து போய் மேடையை ஒட்டி நின்றான். கைகள் காற்றை எடுத்தன, கல்லின் மேல் வைத்தன, அடித்தன. வெறும் கல் அதிர்ந்தது. உள்ளங்கையில் தோல் பிளந்திருந்தது. வலி இல்லை.

இங்கேயே நிற்கலாம். நாலு மணி வரை. ரஞ்சிதா வந்து கதவைத் திறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லலாம். பசியில் பாப்பா அழ ஆரம்பித்தது. அழட்டும்.

பன்னிரண்டரைக்கு மேல் வெளியே கொலுசும் செருப்பும் கேட்டன. கடைசி அறை முனிலட்சுமி. ரோஜாப் பண்ணையில் வேலை. மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வருவாள்.

“அக்கா.”

செருப்பு நிற்கவில்லை. பூட்டு தொங்குகிறது. நிற்கமாட்டாள்.

“முனிலட்சுமி அக்கா. நான்தான் அழகரு. நில்லுங்கக்கா.”

நின்றது. செய்தித்தாளில் ஒரு நிழல் பெரிதாகியது.

“என்னாப்பா, தூங்கலியா நீயி? கொழந்த எதுக்கு இந்தக் கத்து கத்துது?”

“பூட்ட ஒடைக்கணும்க்கா. யாரையாச்சும் கூப்பிடுங்க.”

“பூட்டையா? எதுக்கு?”

“எனக்குக் கை சரியில்ல.”

நிழல் தலையைச் சாய்த்தது.

“கை சரியில்லன்னா கைக்கு வைத்தியம் பாக்கணும். பூட்டு என்னா பண்ணுச்சு?”

டப்.

“அது என்னா சத்தம்? உள்ள என்னாப்பா அடிக்கற?”

“அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பாப்பாவ வெளிய எடுக்கணும். நான் அதப் பக்கத்துல வச்சுக்கக் கூடாது. சீக்கிரம்க்கா.”

அவன் குரலில் என்ன இருந்ததோ, நிழல் ஜன்னலை விட்டு விலகியது. “இரு, இரு. திம்மப்பன கூட்டியாரன். வீட்டு ஓனரு அவன். அவன் இல்லாம நான் ஒடைச்சா எம்மேல பாய்வான். கடப்பாற அவங்கிட்டதான் கீது.”

செருப்புச் சத்தம் வேகமாகப் போயிற்று. திம்மப்பன் வீடு இரண்டு தெரு தள்ளி. போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். அவ்வளவுதான். பத்து நிமிடம். நூறு பீஸ்.

டப்.

பாப்பாவின் அழுகை நின்றது.

பிறகு தரையில் ஒரு சத்தம். சின்ன உள்ளங்கை, முழங்கால். சின்ன உள்ளங்கை, முழங்கால். நெருங்கி வந்தது.

“வராத,” என்றான். “பாப்பா, அங்கேயே இரு.”

திரும்பிப் பார்க்கக் கழுத்து திரும்பியது. நகரக் கால் எடுத்தான். கால் வரவில்லை. வலது பாதம் அரை அடி பின்னால், இடது பாதம் முன்னால், முழங்கால் லேசாக மடிந்து. மெஷின் முன்னால் நிற்கிற நிலை. எப்போது அப்படி நின்றான்? தொடை கல்லாக இறுகியிருந்தது. இடுப்பு வரை போயிற்று. அவனுக்கு மிச்சம் இருந்தது மார்பும் கழுத்தும் முகமும்.

லுங்கியை எதுவோ இழுத்தது.

குனிந்து பார்த்தான். பாப்பா அவன் வலது காலைப் பிடித்து, தள்ளாடி, நின்றது. முதல் தடவையாக நின்றது. பெருமையாக அவனை அண்ணாந்து பார்த்தது. கண்ணீர் இன்னும் காயவில்லை. தலை அவன் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது.

கூடையின் உயரம்.

வலது கை இறங்கியது. பாப்பாவின் தலைக்கு ஒரு விரல் பக்கத்தில் காற்றைப் பிடித்தது. எழுந்தது. டப்.

இரண்டு நொடி. அவனுடைய இரண்டு நொடி. பஞ்சுக் கையால் பிள்ளையைத் தள்ளப் பார்த்தான். கை அசையவில்லை. அந்த இரண்டு நொடியும் இப்போது இல்லை. கை அடுத்த பீஸுக்காக வெறுமனே காத்திருந்தது.

“அக்கா,” என்று கத்தினான். “அக்கா.”

கை இறங்கியது. விரல்கள் விரிந்தன. மூடின.

எதைப் பிடித்தது என்று தெரியவில்லை. பார்த்தான். சட்டை. பின்கழுத்துச் சட்டை.

தூக்கியது.

பாப்பா சிரித்தது. தூக்குகிறான் என்று நினைத்தது.

கல்லின் மேல் உட்கார வைத்தது. நேராக. நடுவில். ஒரு விரற்கடை திருப்பிச் சரி செய்தது.

கைகள் எழுந்தன.

மார்பு உயரம். முகம் உயரம். அவன் தலையைக் கீழே போட்டு இடையில் நுழைக்கப் பார்த்தான். எட்டவில்லை. கண்ணை மூடலாம். இமை அவனுடையது. மூடவில்லை. மூடினால் தெரியாது. தோளைப் பின்னால் இழுத்தான். இழுக்க மட்டும்தான் தெரியும் தசைக்கு. எதிரில் இருந்தது இன்னும் பலமாக இழுத்தது.

பாப்பா அவன் கைகளைப் பார்த்தது. விளையாட்டு என்று புரிந்துகொண்டது. தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டியது.

இறங்கின.

சத்தம் இல்லை.

முழங்கையின் உள்பக்கம் சுரீரென்று எதுவோ ஓடியது. தோளிலிருந்து விரல் நுனிக்கு, விரல் நுனியிலிருந்து வெளியே.

பார்த்தான். அவனுடைய பெரிய உள்ளங்கைகள் இரண்டும் பாப்பாவின் சின்ன உள்ளங்கைகள் மேல் தொட்டபடி நின்றிருந்தன. அழுத்தவில்லை. பூ வைப்பதுபோல் தொட்டுக்கொண்டிருந்தன. அவன் ரத்தம் கொஞ்சம் பாப்பாவின் விரல்களில் ஒட்டியிருந்தது.

ஆறு எண்ணினான். ஒன்றும் இல்லை. இன்னொரு ஆறு.

கட்டைவிரலை மடக்கச் சொன்னான். மடங்கியது. சுண்டுவிரலை. மடங்கியது. கையைக் கீழே விடச் சொன்னான், விழுந்தது. பஞ்சுக்குள் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்பியது, வலி திரும்பியது. காலை எடுத்து வைத்தான். வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டான். உடம்பு மொத்தமும் அவனுடையதாக இருந்தது. இவ்வளவு எடை இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

வெளியே பேச்சு. கடப்பாரை கொண்டியில் மாட்டும் சத்தம்.

“புதுப் பூட்டும்மா இது,” என்றது திம்மப்பன் குரல். “இன்னா அவசரம் அப்படி? சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்து என்னத்தான் கேக்கும்.”

“நீ மொதல்ல ஒட, பேச்ச அப்புறம் வெச்சிக்கலாம்.”

கொண்டி பிய்ந்தது. கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. திம்மப்பன் வாசலிலேயே நின்று, தட்டையான சாமான்களின் வரிசையையும், தரையில் உட்கார்ந்து அழுகிறவனையும் பார்த்தார்.

“குடிச்சிருக்கியாப்பா?”

“இல்லண்ணே. இப்ப சரியாயிருச்சு.” அழகர்சாமி ரத்தக் கைகளை லுங்கியில் துடைத்தான். “சரியாயிருச்சுண்ணே. ஒண்ணுமில்ல.”

முனிலட்சுமி நேராக மேடைக்குப் போய் பாப்பாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கொண்டையில் பண்ணையில் கழித்துப்போட்ட ஒரு பெரிய சிவப்பு ரோஜா இருந்தது. “கல்லு மேல யாராச்சும் ஒக்கார வெப்பாங்களா? வா கண்ணு, வா சாமி, நம்ம ஊட்டுக்குப் போய்ப் பாலு குடிக்கலாம்.” அவள் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினாள். நான்கு எட்டு வைத்ததும் சிரித்தாள். “அடி இவளே. பாருப்பா அழகரு, ஒம் பொண்ணு சப்பாணி கொட்டுது. எம் முதுகுல.”

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். வாசலுக்கு வந்தான்.

முனிலட்சுமியின் தோளுக்கு மேல் பாப்பாவின் முகம் அவனைப் பார்த்தபடி இருந்தது. வலது கை கொண்டையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்தது. தோளின் மேல் வைத்தது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் இறங்கின. இடது கை நசுங்கிய இதழை எடுத்து இடது பக்கம் விட்டது.

“ஒண்ணு... ரெண்டு...” அவன் வாய் தானாக எண்ணியது.

ஆறு. அடுத்த இதழ்.

முனிலட்சுமி சிரித்துக்கொண்டே வரிசையைக் கடந்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் வெயிலடித்த சிமென்ட் தரையில் இதழ்கள் ஒவ்வொன்றாக, ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில் விழுந்துகொண்டே போயின. பாப்பாவின் கண்கள் அவனை விடவில்லை. உதடு பிதுங்கியிருந்தது. அழுவதற்காக வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.